ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் மறுபணியும் ஓய்வூதியமும்

ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் மறுபணி என்பது, வயது முதிர்வால் ஓய்வு பெற்று ஓய்வூதியம் வாங்கிவரும் ஆசிரியர்கள், காலியாக உள்ள இடங்களிலோ விடுப்பில் சென்றவர்களின் இடங்களிலோ மீண்டும் கற்பிக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது ஒரே திட்டமாக நடப்பதில்லை. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுபவருக்கு அவ்வாண்டு முடியும்வரை அரசு வழங்கும் மறுநியமனம், பள்ளி மேலாண்மைக் குழு அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தொகுப்பூதியத்தில் அமர்த்துதல், தனியார் பள்ளிகளில் வேலை, மத்திய அரசுப் பள்ளிகளில் ஒப்பந்தப் பணி என்று பல வடிவங்கள் உள்ளன. எல்லாவற்றையும் ஊர்வழக்கில் 'ரிட்டயர்டு வாத்தியாரைப் போட்டிருக்காங்க' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவதால், ஓய்வூதியம் எதில் பாதிக்கப்படும், எதில் பாதிக்கப்படாது என்பதில் குழப்பம் நிலவுகிறது.

பின்னணி

சென்னை மாநிலத்தில் 1950-களில், காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம் கிடைக்க வழி செய்யப்பட்டது. ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அது முப்பயன் திட்டம் எனப்பட்டது. அதற்கு முன்பு வேலையை விட்டால் கையில் ஒன்றுமில்லாமல் வீடு திரும்பிய ஆசிரியர்கள் ஏராளம். இன்று அரசுப் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதியத்தைத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 நெறிப்படுத்துகின்றன. 30 ஆண்டுகள் தகுதியான பணிக்காலம் உள்ளவருக்குக் கடைசி ஊதியத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும். அதன்மேல் அகவிலைப்படி சேரும். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெற்றுக்கொள்ளலாம். அப்படிப் பெற்ற பகுதி 15 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் மாத ஓய்வூதியத்தில் சேரும்.

2003 ஏப்ரல் 1 அன்றும் அதற்குப் பின்னும் பணியில் சேர்ந்தவர்கள் இந்த முறைக்குள் வராமல் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். ஆகவே 'ஓய்வூதியத்தை விடாமல் மறுபடி வேலை பார்ப்பது' என்ற கேள்வி பெரும்பாலும் 2003-க்கு முன் பணியேற்ற தலைமுறையைச் சார்ந்தது.

ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளில் நிலைநாட்டியது. தேவகிநந்தன் பிரசாத் வழக்கு (1971) அதை ஊழியரின் சொத்துரிமையாகக் கண்டது. டி. எஸ். நகாரா வழக்கு (1982 டிசம்பர் 17) அது ஏற்கெனவே செய்து முடித்த பணிக்கான ஊதியம் என்றது. டிசம்பர் 17 ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான். ஆயினும் ஓய்வூதியம் பெறுபவர் மறுபடி அரசுச் சம்பளத்தில் அமரும்போது அந்தச் சம்பளத்தை எவ்வளவு என்று வகுக்கும் அதிகாரம் அரசிடமே உள்ளது. மறுபணி பற்றிய விதிகளில் வெட்டு விழுவது பெரும்பாலும் புதிய சம்பளத்தில்தான். பழைய ஓய்வூதியம் அப்படியே இருக்கும்.

காலியிடம் எப்படி உண்டாகிறது

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறுவார். முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழ் பார்த்துப் பள்ளியில் சேர்ப்பதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்று, மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்வது வழக்கமாக இருந்தது. அதன் விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிகிறது: மே 31 அன்று ஒவ்வோர் ஆண்டும் ஓய்வு பெறுவோர் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். மே கடைசியில் ஓய்வு பெற்றால் பள்ளிக்கு இழப்பு புதிய ஆண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றாலோ பாடம் தொடங்கிய நிலையில் வகுப்பு நடுவில் நிற்கும்.

2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின்போது, ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆக உயர்த்தப்பட்டது. 2021 பிப்ரவரியில் அது 60 ஆனது. இந்த இரண்டு ஆணைகளால் 2020 மே மாதம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் 2022 மே வரை பணியில் இருந்தனர். இரண்டு ஆண்டுகள் நின்றிருந்த வயது முதிர்வு ஓய்வு அந்த மாதம் மீண்டும் தொடங்கியது. அடுத்த சில வாரங்களிலேயே 13,331 தற்காலிக ஆசிரியர் இடங்கள் பற்றிய அறிவிப்பு வந்தது.

ஓய்வைத் தவிர இன்னொரு காரணம் நீண்ட விடுப்பு. தமிழ்நாட்டில் பெண் அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்ந்தது. தேவையான, வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் ஓராண்டு முழுவதும் அந்த வகுப்பை யார் பார்ப்பது என்பதற்கு நிலையான ஏற்பாடு இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் ஐந்து வகுப்புகளும் ஒருவர் கையில். வட்டாரக் கல்வி அலுவலர் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை 'மாற்றுப்பணி'யில் அனுப்புவதே வழக்கமான தீர்வு. இங்கு ஓட்டையை அடைத்தால் அங்கு ஓட்டை விழும். அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் இருப்பதுபோல் நாள் கணக்கில் அழைக்கத்தக்க பதிலி ஆசிரியர் பட்டியல் இங்கு கிடையாது. அந்த இடத்தை நிரப்ப ஊரார் முதலில் தேடிப் போவது, அதே பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவரைத்தான்.

கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனம்

அரசு நேரடியாகச் செய்யும் ஏற்பாடு இது ஒன்றே. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியர், மாணவர்களின் நலன் கருதி அக்கல்வியாண்டின் இறுதிவரை மறுநியமனம் பெறுகிறார். விருப்பக் கடிதம், உடல் தகுதிச் சான்று ஆகியவை தேவை. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கக் கூடாது. மாணவர் எண்ணிக்கைப்படி அந்தப் பணியிடம் உபரியாக இருந்தால் மறுநியமனம் கிடைக்காது.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் சம்பளம். மறுநியமனத்தின் அடிப்படைக் கணக்கு, கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் ஓய்வூதியத்தைக் கழித்து மீதியைத் தருவது. விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு: கடைசி அடிப்படை ஊதியம் 80,000 ரூபாய் என்றும் ஓய்வூதியம் அதில் பாதி, 40,000 என்றும் கொள்வோம். மறுநியமனக் காலத்தில் சம்பளமாக வரும் அடிப்படைத் தொகை 40,000. ஓய்வூதியமாக வருவது 40,000. இரண்டு கணக்கில் வந்தாலும் கூட்டினால் பழைய 80,000-தான். ஆசிரியருக்குப் புதிதாக ஒரு ரூபாயும் கூடுவதில்லை. அரசைப் பொறுத்தவரை, எப்படியும் கொடுத்தாக வேண்டிய ஓய்வூதியத்துக்கு மேல் பாதிச் சம்பளம் சேர்த்தால் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் பத்து மாதம் வகுப்பில் நிற்கிறார். சிக்கனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக முன்பே வாங்கிக்கொண்டவருக்கு ஒரு சிக்கல் உண்டு. மத்திய அரசின் 1986-ஆம் ஆண்டு மறுபணி ஊதிய நிர்ணய ஆணைகளின்படி, கழிக்கப்படுவது தொகுப்புக்கு முந்தைய முழு ஓய்வூதியம். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 13,333 ரூபாயைத் தொகுத்துப் பெற்றவரின் கைக்கு மாதம் வரும் ஓய்வூதியம் 26,667 மட்டுமே. சம்பளத்தில் கழிபடுவதோ 40,000. அந்த வித்தியாசத்தை அவர் முன்னரே மொத்தமாக வாங்கிவிட்டார் என்பதே இதற்கான நியாயம். கணக்குப்படி சரிதான், ஆனால் அந்தப் பணம் மகள் கல்யாணத்திலோ வீட்டுக் கடனிலோ கரைந்திருக்கும்.

மறுநியமனக் காலம் ஓய்வூதியத்துக்கான பணிக்காலத்தில் சேராது. ஓய்வூதியம் ஒருமுறை நிர்ணயமானபின், இந்தப் பத்து மாதத்தைக் காட்டி அதை உயர்த்திக் கேட்க முடியாது.

தொகுப்பூதியத் தற்காலிக நியமனம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தவிர ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட 13,331 இடங்களை இந்தக் குழுக்கள் வழியாகவே நிரப்ப அரசு முடிவு செய்தது. மாத ஊதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. இது பின்னர் முறையே 12,000, 15,000, 18,000 ஆக உயர்ந்தது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியோர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. இந்த முறையை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்கால உத்தரவும் பிறப்பித்தது. உள்ளூரில் வேண்டியவர்களுக்கு வேலை போய்ச் சேரும், தகுதித் தேர்வில் தேறியோர் ஒதுக்கப்படுவர் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

இதற்கு முன்பும் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் இதே வேலையைச் செய்துவந்தன. 2019 ஜனவரி 22 அன்று ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியபோது, பள்ளிகளை நடத்த மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசு முன்வந்தது. அந்த வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கையே பழைய ஓய்வூதியத் திட்டத்தை மீட்டுத் தர வேண்டும் என்பது. ஓய்வூதியம் இல்லாதவர்கள் தெருவில் நின்று அதைக் கேட்கும்போது, ஓய்வூதியம் உள்ளவர் அவர்களின் இடத்தில் போய் உட்காரலாமா என்ற சங்கடம் மூத்த ஆசிரியர்களுக்கு அப்போது எழுந்தது இயல்பே.

இவ்வகை நியமனத்தில் கிடைப்பது ஊதிய விகிதத்தில் அமைந்த சம்பளம் அல்ல. ஒட்டுமொத்தமாக நிர்ணயித்த மதிப்பூதியம். எனவே மறுநியமனத்தில் செய்வதுபோல் இதில் ஓய்வூதியத்தைக் கழிக்கும் கணக்கு இல்லை. நிரந்தர ஆசிரியர் மாறுதலிலோ புதிய நியமனத்திலோ வந்து சேர்ந்த அன்றே பணி முடிந்துவிடும்.

கோவளமும் தாம்பரம் பகுதியும்

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த விஷயத்தின் இரண்டு முனைகளும் அருகருகே இருக்கின்றன. ஒரு முனை தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் போன்ற புறநகர்கள். இவற்றில் பல 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துள்ளன. ரயில் வசதியையும் மனை விலையையும் பார்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பல பத்தாண்டுகளாக வீடு கட்டிக் குடியேறிய இடங்கள் இவை. மறுமுனை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம். திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கடலோர ஊர்; மீனவக் குடியிருப்பு, தர்கா, கார்மேல் மாதா தேவாலயம் மூன்றும் ஒரே கரையில் உள்ளன. நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை என்பதால் வாரக் கடைசியில் சென்னையே வந்து நிற்கும்.

தாம்பரத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கோவளத்தில் பாடம் எடுக்க வேண்டுமானால், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும். வண்டலூரிலும் கேளம்பாக்கத்திலும் பேருந்து மாற வேண்டியிருக்கலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆண்களுக்கு மதிப்பூதியத்தில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும். அறுபத்திரண்டு வயதில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஐந்தரைக்கு வீடு திரும்புவதற்கு 12,000 ரூபாய் போதுமா என்பதைவிட, முழங்கால் இடம் கொடுக்குமா என்பதே முதல் கேள்வி. எனவே இத்தகைய பணிக்கு உண்மையில் வருவோர், பள்ளிக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள்தான். ஆசிரியர்கள் குடியிருக்கும் இடமும் ஆசிரியர் தேவைப்படும் இடமும் ஒன்றாக இல்லாதபோது, மாவட்டத்தில் ஓய்வு பெற்றோர் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் கடலோரப் பள்ளிக்குப் பெரிய பயன் இல்லை.

மீனவக் குடியிருப்புப் பள்ளிகளுக்குப் பழைய ஆசிரியரால் தனியான ஓர் ஆதாயம் உண்டு. எந்தப் பருவத்தில் பையன்கள் தகப்பனோடு கரைக்குப் போய் வகுப்புக்கு வராமல் இருப்பார்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் எந்த வீட்டில் கை இறுகும் என்பதெல்லாம் அங்கே இருபது ஆண்டு வேலை பார்த்தவருக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் இது எழுதப்பட்டிருக்காது.

தனியார், மத்திய அரசுப் பள்ளிகள்

மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சேரும் ஓய்வு பெற்ற அரசு ஆசிரியரின் ஓய்வூதியம் குறைவதில்லை. அரசிடமிருந்து சம்பளம் வராததால் கழிப்பதற்கான அடிப்படையே இங்கு இல்லை. தாம்பரம் பகுதித் தனியார் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பது சாதாரணம்.

தனியார் பள்ளியிலேயே காலம் தள்ளியவரின் நிலை வேறு. அவருக்கு உள்ளது வருங்கால வைப்பு நிதியும், அதனோடு இணைந்த 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டமும். அத்திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். 58 வயதில் அது தொடங்கிய பிறகும் அவர் வேலை பார்க்கலாம், ஓய்வூதியம் நிற்காது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் குடும்பம் நடக்காது என்பதால் அவருக்கு மறுபணி விருப்பமாக இருப்பதைவிடக் கட்டாயமாகவே இருக்கிறது.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் உள்ளவை போன்ற கேந்திரிய வித்யாலயங்கள், ஒவ்வோர் ஆண்டும் நேர்முகத் தேர்வு வழியாக ஒப்பந்த ஆசிரியர் பட்டியல் தயாரிக்கின்றன. இதில் 65 வயது வரை உள்ளோரைச் சேர்க்க இடமுண்டு என்பதால் ஓய்வு பெற்றோரும் வருகின்றனர். பதிலி ஆசிரியர் பட்டியலுக்கு இங்குள்ள மிக அருகிலான வடிவம் இதுதான்.

பிற இடங்களில்

மகாராட்டிர அரசு 2023 ஜூலையில், மாவட்ட ஊராட்சிப் பள்ளிகளின் காலியிடங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களை மாதம் 20,000 ரூபாய்க்கு அமர்த்த ஆணையிட்டது. வயது வரம்பு 70. நிரந்தர நியமனம் முடியும்வரை மட்டும் என்று சொல்லப்பட்டபோதும், ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தோர் கடுமையாக எதிர்த்தனர்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. 65 வயதுக்குட்பட்ட ஓய்வூதியர் அரசுப் பள்ளியில் மறுபடி வேலை செய்தால் ஆண்டுக்கு 35,000 டாலர் வரை சம்பாதிக்கலாம். அதுவரை ஓய்வூதியம் முழுதாக வரும், தாண்டினால் நிறுத்திவைக்கப்படும். கொரோனாக் கால ஆசிரியர் பற்றாக்குறையில் பள்ளிகளுக்கு இந்த வரம்பே தற்காலிகமாக நீக்கப்பட்டது. இந்தியாவில் ஓய்வூதியத்தைத் தொடாமல் புதிய சம்பளத்தைக் குறைக்கிறார்கள். அங்கே புதிய சம்பளத்துக்கு எல்லை வைத்து, மீறினால் ஓய்வூதியத்தைத் தொடுகிறார்கள்.

எதிர்ப்பும் ஆதரவும்

ஓய்வூதியம் பெறுபவருக்கு 12,000 ரூபாய் கூடுதல் வருமானம். தகுதித் தேர்வில் தேறிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கு அது வாழ்வாதாரம். தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012-இல் நடந்தது. அதில் தேறியவர்களில் பலருக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. ஒரே இடத்துக்கு இந்த இருவரும் வரும்போது, காத்திருப்பவருக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்ற வாதத்தை மறுப்பது கடினம். அரசு குறைந்த செலவில் காலம் தள்ளுவதால் நிரந்தர நியமனம் மேலும் மேலும் தள்ளிப்போகிறது என்ற ஆசிரியர் சங்கங்களின் குற்றச்சாட்டும் வெறும் பேச்சல்ல. மறுபுறம், டிசம்பரில் காலியான பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு மார்ச் தேர்வுக்குள் ஆள் வேண்டும் என்றால், அந்தப் பாடத்திட்டத்தை நேற்றுவரை நடத்தியவரை விட்டு வேறு யாரைத் தேடுவது என்ற தலைமையாசிரியரின் கேள்விக்கும் எளிய பதில் இல்லை.

தகுதித் தேர்வு இதில் இன்னொரு முடிச்சு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் உள்ள ஆசிரியர்களும் அத்தேர்வில் தேற வேண்டும் என்றது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேறாமலே ஓய்வுவரை தொடரலாம் என்று விலக்களித்தது. இப்போது ஓய்வு பெற்று வருவோரில் பெரும்பாலோர் அந்தத் தேர்வை எழுதாத தலைமுறையினர். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தற்காலிக இடங்களுக்குத் தகுதித் தேர்வைக் கண்டிப்பாக வலியுறுத்தினால் அவர்களுக்குக் கதவு மூடும்; ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மட்டுமே திறந்திருக்கும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

ஓய்வூதியர் ஒவ்வோர் ஆண்டும் கருவூலத்தில் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும், அல்லது அஞ்சல்காரர் வழியாகவோ இணைய சேவை மையத்திலோ மின்னணு வாழ்வுச் சான்று அளிக்க வேண்டும். தாம்பரம் பகுதியினர் பலர் சார்நிலைக் கருவூலத்துக்கு நேரில் போய் வருவதையே விரும்புகின்றனர்; பழைய சக ஆசிரியர்களைச் சந்திக்கும் நாளாகவும் அது அமைந்துவிடுகிறது. மறுபணியில் இருக்கிறாரா இல்லையா என்ற உறுதிமொழி கேட்கப்பட்டால் உள்ளபடியே எழுத வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான பொது விதிப்படி, அரசிலோ அரசு நிறுவனத்திலோ மறுபணியில் இருக்கும் காலத்துக்கு ஓய்வூதியத்தின் மீதான அகவிலைப்படி, சில விலக்குகள் தவிர, நிறுத்திவைக்கப்படும். இதை மறைத்தால் மிகையாகப் பெற்ற தொகையைப் பின்னர் திருப்பிக் கட்ட நேரும்.

வருமான வரிக் கணக்கில் ஓய்வூதியம் சம்பள வருமானமாகக் கருதப்படும். மதிப்பூதியமும் மொத்த வருமானத்தில் சேரும். புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக் கழிவு ஒருமுறைதான் கிடைக்கும், ஓய்வூதியத்துக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று இரண்டு முறை எடுக்க முடியாது. பள்ளி தரும் நியமனக் கடிதத்தில் பணி 'மறுநியமனம்' என்று உள்ளதா, 'தற்காலிகம், தொகுப்பூதியம்' என்று உள்ளதா என்பதைச் சேரும் நாளிலேயே பார்த்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்வது வழக்கம். கருவூலத்தில் கேள்வி எழுந்தால் காட்ட வேண்டியது அந்தத் தாள்தான்.